ஒரு காசு இடைவெளி

அந்தப் பைமேல மட்டும் கால வச்சிராதிய அண்ணாச்சி. மத்தபடி தாராளமா உக்காருங்க. அதுக்கும் சேத்துத்தான் நான் டிக்கெட் எடுத்திருக்கேன். கண்டக்டர் லக்கேஜ்னாரு, கேட்டதக் குடுத்தேன். பின்னால கொண்டு போட்டுருங்கன்னாரு. அது நடக்காதுன்னுட்டேன்.

என்னதுன்னா கேக்கிய? வீணை இல்ல. துப்பாக்கியும் இல்ல, போன வாரம் ஒரு ஆளு அப்பிடியும் கேட்டாரு. கிடார். எலக்ட்ரிக் கிடார். என் பேரு பால்வண்ணன். திருநெல்வேலியில கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா எங்க போனாலும் மேடைக்குப் பின்னால 'பால்வண்ணன் இன்னிசைக் குழு'ன்னு ஒரு பேனர் பாத்திருப்பிய. அந்தப் பால்வண்ணன் நான்தான். பாத்ததில்லியா? சரி, நீங்க கல்யாணத்துக்குப் போனா நேரா பந்திக்குப் போற ஆளு போல. தப்பில்ல.

நான் தென்காசிக்குப் போறேன். நீங்க? பாவூர்சத்திரமா. அப்ப நேரம் இருக்கு. இல்ல, எனக்குக் கச்சேரி இல்ல அண்ணாச்சி. எம் பொஞ்சாதிக்குத்தான் கச்சேரி. உலகம்மாள்னு பேரு, நான் உலகுன்னு கூப்பிடுவேன். அஞ்சு மணிக்கு ஒரு மண்டபத்துல ரிசப்ஷன், அவ பாடுதா. ஏன் சேந்து போகலன்னா கேக்கிய? அவ வேற குழுவுல பாடுதா. தென்காசிக் குழு. காலையிலேயே அவங்க வேன்ல போயிட்டா. நான் வரேன்னு அவளுக்குத் தெரியாது.

சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. அப்பிடிப் பாக்காதிய. ஒரே வீட்டுலதான் இருக்கோம். காலையில இட்லி வச்சுட்டுத்தான் போனா. எம் பக்கத்துல தப்பு இருந்துச்சுன்னா நானே சொல்லிருவேன். இல்ல. நடந்தத அப்பிடியே சொல்லுதேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. ஆனா முழுசாக் கேட்டுட்டுத்தான் சொல்லணும்.

மொதல்ல உங்களுக்கு ஒரு விசயம் விளங்கணும். இந்தக் கிடார்ல கம்பிக்குக் கீழ காந்தம் வச்ச சின்னக் கட்டை மூணு இருக்கும். பிக்கப்னு சொல்லுவோம். கம்பி ஆடுறத அதுதான் கேட்டு ஸ்பீக்கருக்கு அனுப்பும். மேடையில நீங்க கேக்கிற சத்தம் கம்பியோட சத்தம் இல்ல, இந்தக் கட்டை கேட்டுச் சொல்லுற சத்தம். அதுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு திருகாணி. திருகுனா மேல வரும், கம்பிகிட்ட வரும், சத்தம் கூடும். தளத்துனா கீழ போவும், சத்தம் கொறையும். இதுல எவ்வளவு கிட்ட, எவ்வளவு தள்ளிங்கிறதுதான் வித்தையே. எல்லாவனும் கிடார் வாங்குதான், பொட்டியில இருந்து எடுத்து அப்பிடியே அடிக்கான். இந்தத் திருகாணிய எவன் தொடுதான்? நான் தொடுவேன். மூணு மாசத்துக்கு ஒருதடவ புதுக் கம்பி மாத்தும்போது மூணு பிக்கப்பையும் அளந்து வைப்பேன்.

எத வச்சு அளப்பேன்? கேளுங்க. கேக்கணும். அஞ்சு ரூவாய்க் காசு.

சிரிக்காதிய. கடைசி ஃப்ரெட்டுல, அதான் வீணையில மெட்டும்பாங்கல்லா, அதுல கம்பிய அமுத்திக்கிட்டு, பிக்கப்புக்கும் கம்பிக்கும் நடுவுல காச நுழைச்சுப் பாப்பேன். காசு லேசா உரசிக்கிட்டு வெளிய வரணும். தடிச்ச கம்பிப் பக்கம் ஒரு காசு சரியா. மெல்லிசுக் கம்பிப் பக்கம் அதே காசு வச்சு, பெறவு அரைச் சுத்து மேல ஏத்தணும். அவ்வளவுதான். இத எவனும் எனக்குச் சொல்லித் தரல. ஒரு தீவாளி லீவு முழுக்க வீட்டுல உக்காந்து ஒத்த ரூவா, ரெண்டு ரூவா, போஸ்ட் கார்டு, பிளேடு, சீட்டுக்கட்டு எல்லாத்தையும் வச்சுப் பாத்து நானே கண்டுபிடிச்சது. அஞ்சு ரூவாய்க் காசு வச்சா என் கிடாரு தேன் மாதிரி இருக்கும். இருவது வருசத்துக்கு மேல அதுதான் அளவு. மெட்ராஸ்ல இருந்து வந்த ஆளுங்களே கேட்டிருக்காங்க, அண்ணே எப்பிடி உங்க கிடார் மட்டும் இப்பிடிப் பேசுதுன்னு. சொல்ல மாட்டேன். உங்ககிட்டச் சொல்லிட்டேன், நீங்க வாசிக்கப் போறதில்லலா.

உலகு பாட்டு எப்பிடின்னு கேக்கணும் நீங்க. கேக்கலன்னாலும் சொல்லுதேன். மேல பஞ்சமம் போற பாட்டு ஒண்ணு இருக்கு, பேரச் சொல்ல மாட்டேன், சொன்னா நீங்க முணுமுணுக்க ஆரம்பிச்சிருவிய. எல்லா ரிசப்ஷன்லயும் மூணாவதா அதத்தான் பாடுவா. சரணத்துல ஒரு எடம் வரும், ஏணியில ஏறுற மாதிரி ஏறி உச்சியில போய் நிக்கணும். அதுக்கு முன்னால என் கிடார்தான் ஏறும். நான் ஏறி நிக்க, அவ வந்து பக்கத்துல நிப்பா. அந்த எடத்துல அவ கண்ண மூடிக்கிடுவா. இருவத்தாறு வருசமா கண்ண மூடித்தான் பாடுனா. என்னையப் பாக்கவே மாட்டா. பாக்க வேண்டிய அவசியம் இல்ல, நான் அங்க இருப்பேன்னு அவளுக்குத் தெரியும்.

போன ஆவணியிலதான் கெரகம் பிடிச்சுது. புதுக் கம்பி மாத்துனேன். கிடார்ப் பெட்டியில ஒரு சின்ன டப்பாவுல அந்தக் காசு கெடக்கும், அதுக்குன்னே வச்சிருக்கது. அன்னைக்குப் பாத்தா டப்பாவுல காசக் காணோம். உலகுகிட்டக் கேட்டேன், எங்கட்டி காசுன்னு. நீங்கதான் போன கச்சேரியில வண்டி ஸ்டாண்டுக்காரருக்குச் சில்லறை இல்லன்னு எடுத்துக் குடுத்தீங்கன்னு சொன்னா. இருக்கலாம். இப்ப அதா முக்கியம்? காசு எங்க போச்சுங்கிறது முக்கியம் இல்ல. சட்டைப் பையில வேற அஞ்சு ரூவா இருந்துச்சு, மஞ்சளா, பளபளன்னு. அத வச்சு அளந்தேன். காசுன்னா காசுதான.

வாசிச்சுப் பாத்தா, அடேயப்பா, என்ன சத்தம். என் கிடாருக்குப் பத்து வயசு கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு. அந்த வாரக் கச்சேரியில முன் வரிசையில ஒரு பெரியவரு காதப் பொத்துனாரு. எனக்கு ரொம்பச் சந்தோசம். கீபோர்டு வாசிக்கிற மரியசெல்வம், பாளையங்கோட்டைக்காரரு, நல்ல மனுசன், கச்சேரி முடிஞ்சு வந்து, அண்ணே, கொஞ்சம் கொறைச்சுக்கிடலாமான்னாரு. கலைஞனுக்குக் கலைஞன் பொறாமை இருக்கத்தான் செய்யும். நான் அதத் தப்பா எடுத்துக்கிடல.

பெறவுதான் சோதனை. அந்த மூணாவது பாட்டு, அந்த உச்சி எடம். நான் ஏறுதேன், அவ வாரா, ரெண்டும் சேரல. கடிக்கு. கேக்கிறவனுக்குப் பல்லு கூசும். ஒரு கச்சேரியில இல்ல, அடுத்ததுலயும் அப்பிடி, அதுக்கு அடுத்ததுலயும் அப்பிடி. கிடார நான் மேடையேறதுக்கு முன்னால மெஷின் வச்சுச் சுருதி பாத்துத்தான் ஏறுதேன். ஆறு கம்பியும் கனகச்சிதமாப் பச்சை லைட்டு காட்டுது. அப்ப யாரு மேல தப்பு? நீங்களே சொல்லுங்க. மெஷின் பொய் சொல்லுமா?

வீட்டுல வச்சு அவ ஒருநாள் சொன்னா. நல்லாத்தான் சொன்னா, கொழம்பக் கிண்டிக்கிட்டே. "மேல போகும்போது உங்க கம்பி அழுவுதுங்க. ஒரு சத்தத்துக்கு ரெண்டு சத்தமா வருது. என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்."

நான் என்ன சொன்னேன்னா, உனக்குக் காதுல கோளாறுன்னேன். கோவத்துல சொல்லல அண்ணாச்சி, அக்கறையில சொன்னேன். சொல்லிட்டு விட்டுட்டேனா? ஜங்ஷன்ல காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். ஒரு ரூமுக்குள்ள அவள உக்கார வச்சு, ஹெட்போன் மாட்டி, எப்ப சத்தம் கேக்குதோ அப்ப கையத் தூக்குங்கன்னாங்க. ஒரு எடத்துலகூடத் தப்பல. டாக்டர் சொன்னாரு, இந்த அம்மாவுக்கு இருவது வயசுப் பிள்ளைக்கு இருக்க மாதிரி காதுன்னு. என்னையப் பாத்து, நீங்களும் ஒருதடவ பாத்துக்கிடுங்களேன்னாரு. எதுக்குன்னுட்டு வந்துட்டேன்.

அப்ப காது இல்ல, தொண்டைன்னு முடிவு பண்ணேன். நாட்டு மருந்துக் கடையில மிளகு, திப்பிலி, சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் வாங்கிக் குடுத்தேன். ஒரு மாசம் குடிச்சா. ஒருநாளும் வேண்டாம்னு சொல்லல. நான் காய்ச்சிக் குடுப்பேன், அவ நின்னுக்கிட்டே குடிச்சுட்டு டம்ளரக் கழுவி வைப்பா. இந்த மாதிரி எந்தப் புருசன் செய்வான்? சொல்லுங்க.

சீதபற்பநல்லூர் தாண்டிட்டா? இந்த பஸ்ஸு வெரசாப் போற மாதிரி இருக்கு.

ஐப்பசியில ஒரு கல்யாணம். பெரிய எடம், ஆயிரம் பேருக்கு மேல கூட்டம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கலெக்டர் ஆபீசுல இருக்காங்க, அடுத்து நாலு கல்யாணத்துக்கு நம்மளையே கூப்பிடுவாங்கன்னு கணக்கு. சாயந்தரம் ஆறரை மணி. மூணாவது பாட்டு. நான் ஏறுதேன். அவ கண்ண மூடிக்கிட்டு வாரா. கடிச்சுது பாருங்க. ஸ்பீக்கர் வேற புதுசு, மண்டபம் பூரா கேக்குது. முன்னால உக்காந்திருந்த ஒரு பொம்பளை மூஞ்சியச் சுளிச்சா. நான் கம்பிமேல கைய வச்சு நிறுத்துனேன். நிறுத்துனதும் எல்லாரும் நிறுத்திட்டாங்க. என் பக்கத்துலயும் ஒரு மைக்கு உண்டும். அதுல சொன்னேன்.

"ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாம். சுருதியப் பிடிச்சுப் பாடு உலகு. மறுபடியும் முதல்ல இருந்து."

சனங்க சிரிச்சாங்க. நான் சிரிக்கட்டும்னுதான் சொன்னேன். மேடையில ஒரு தப்பு நடந்தா அத வெளையாட்டா மாத்திரணும், இல்லன்னா கச்சேரி விழுந்துரும். இது தொழில். இதத் தொழில்ல இருக்கவனுக்குத்தான் தெரியும்.

அவ கண்ணத் தொறந்தா. என்னையப் பாக்கல. மரியசெல்வத்தப் பாத்து, பல்லவி குடுங்கண்ணான்னா. அவரு குடுத்தாரு. முழுப் பாட்டையும் பாடுனா அண்ணாச்சி. கிடாரே இல்லாம. நான் கம்பிமேல கைய வச்சுக்கிட்டுக் குத்துக்கல்லு மாதிரி நிக்கேன். அந்த உச்சி எடம் வந்துச்சு, தனியாப் போயி நின்னா. ஒரு பிசிறு இல்ல. கைதட்டுனாங்க பாருங்க, ஓட்டுக்கூரையா இருந்தா பறந்திருக்கும். கிடார் எங்கன்னு ஒருத்தன் கேக்கல.

அத நான் மறக்கவே மாட்டேன். ஒருத்தன்கூடக் கேக்கல.

வீட்டுக்கு வந்து தோசை சுட்டுப் போட்டா. ரெண்டாவது தோசைக்குச் சட்னி வேணுமான்னு கேட்டா. மறுநாள் காலையில கோலம் போட்டுட்டு வந்து வாசப்படியில நின்னுக்கிட்டுச் சொன்னா.

"இனிமே நான் உங்க குழுவுல பாடல."

போன்னேன். போடி, எத்தனையோ பேரு வரிசையில நிக்கான்னேன். நான் யாருக்காவது பயந்தவனா? ஒருத்தியப் புதுசாப் பிடிச்சேன். நல்லாத்தான் பாடுதா அந்தப் பிள்ளை. அந்த மூணாவது பாட்ட மட்டும் நாங்க இப்ப எடுக்கிறதில்ல. அது பழைய பாட்டு, இப்ப யாரு கேக்கா.

ரெண்டு வாரத்துல தென்காசிக் குழு வந்து அவளக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. போகட்டும். வீட்டுல எப்பவும் போலத்தான் இருக்கா. சோறு வைக்கா, சட்டை தேய்க்கா, எங்க அக்கா மவ வளைகாப்புக்கு நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் போனோம். ஒண்ணே ஒண்ணு. வீட்டுல பாட மாட்டேங்கா. முன்னாலெல்லாம் பாத்திரம் வெளக்கும்போது, துணி காயப்போடும்போது, ஏதாவது ஒண்ணு வாயில ஓடிக்கிட்டே இருக்கும். சத்தம் தாங்கலன்னு நானே திட்டியிருக்கேன். இப்ப அடுப்பாங்கரையில டம்ளர் சத்தம் மட்டும்தான் கேக்கு. அது எனக்கு வலிக்கு அண்ணாச்சி. வேற எதுவும் வலிக்கல, இது வலிக்கு. வெளிய யார்கிட்டயும் சொன்னதில்ல.

இப்ப முக்கியமான எடத்துக்கு வாரேன். தை மாசம் கிடார்ல ஒரு வயர் விட்டுப் போச்சு. பாளையங்கோட்டையில ஒரு மியூசிக் கடை, அங்க பெனிட்டான்னு ஒரு பொண்ணு ரிப்பேர் பாக்கும். முப்பது வயசு இருக்கும். கிடார மேசையில கெடத்துன ஒடனே, வயரப் பாக்குறத விட்டுட்டு, குனிஞ்சு கம்பியப் பக்கவாட்டுல பாக்குது. ஒரு இரும்பு ஸ்கேல எடுத்து வைக்குது. பெறவு நிமிந்து, ஏன் சார் பிக்கப்ப இவ்வளவு மேல தூக்கி வச்சிருக்கீங்கன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், அம்மா, நீ பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து நான் இந்த அளவுதான் வைக்கேன், கச்சிதமா ஒரு அஞ்சு ரூவாக் காசுன்னு.

அது கல்லாவுல கைய விட்டு ரெண்டு காச எடுத்துப் போட்டுச்சு. ரெண்டும் அஞ்சு ரூவா. ஒண்ணு பழசு, வெள்ளையா, நல்ல தடியா. இன்னொண்ணு மஞ்சளு, மெல்லிசு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்துச்சு. "எந்தக் காசு சார்?"

நான் மஞ்சளத் தொட்டுக் காட்டுனேன்.

அதுவே சொல்லிச்சு. காந்தம் கம்பிக்கு ரொம்பக் கிட்ட வந்தா கம்பியப் பிடிச்சு இழுக்குமாம். சும்மா மீட்டும்போது மெஷின்ல தெரியாதாம். விரல மேல கொண்டு போகப் போகக் கம்பி காந்தத்துகிட்டப் போகுதுல்லா, அங்க போயி இழுக்குமாம். சுருதி ஆடும், ஒரு சத்தம் ரெண்டாக் கேக்கும்னு சொல்லிச்சு. அதுவா ஒரு திருப்புளி எடுத்து, பழைய காச வச்சு இறக்கிக் குடுத்துச்சு. அங்கனயே வாசிச்சேன். அந்த உச்சி எடத்த வாசிச்சேன். ஆடல. தேன் மாதிரி நின்னுது. கடையில ஒரு ஸ்டூல் கெடந்துச்சு, அதுல உக்காந்துட்டேன். அந்தப் பொண்ணு தண்ணி வேணுமா சார்னு கேட்டுச்சு.

இப்பச் சொல்லுங்க, இதுல எம் மேல என்ன தப்பு? ஒரு காசு வைக்கணும், ஒரு காசு வச்சேன். காச மெல்லிசாக்குனது யாரு? அரசாங்கம். மாத்துறவன் ஒரு வார்த்தை சொல்லணுமா வேண்டாமா? பேப்பர்ல போட்டாங்களா? போட்டிருப்பாங்க, கிடார் வாசிக்கிறவங்க கவனத்துக்குன்னு போட்டாங்களா? அதான் கேக்கேன். நான் என் அளவுல இருந்து ஒரு நூல் மாறல. காசு மாறிட்டு. அதுக்கு நான் போயி மன்னிப்புக் கேக்கணுமா?

கேக்கல. அவகிட்ட இன்னும் சொல்லல. தையில தெரிஞ்சது, இப்பப் பங்குனி. ரெண்டு மாசமாச்சு. சொல்லணும்னு வாயத் தொறப்பேன், மோர் இருக்கான்னு கேப்பேன்.

கச்சேரிக்குப் போறேன். அது மட்டும் போறேன். அவ பாடுற எடத்துக்கெல்லாம், தெரியாம. ஆலங்குளம், கடையம், சுரண்டை, இதுவரைக்கும் ஆறு கச்சேரி. கடைசி வரிசையில, தூண் ஏதாவது இருந்தா தூணுக்குப் பின்னால. எதுக்குன்னா, அந்தக் குழுவுல கிடார் வாசிக்கிறவன் எப்பிடிப் பிக்கப் வச்சிருக்கான்னு காதாலேயே அளக்கலாம்னுதான். வேற ஒண்ணும் இல்ல. பரவால்ல, சரியாத்தான் வச்சிருக்கான். சின்ன வயசுதான், ஆனா கை சுத்தம்.

ஆனா ஒரு விசயம் எனக்குப் பிடிக்கல. அந்த மூணாவது பாட்டு இப்பவும் பாடுதா. உச்சி எடம் வரும்போது கண்ண மூட மாட்டேங்கா. தொறந்துதான் வச்சிருக்கா. தொறந்து வச்சு, அந்த எடத்துக்கு ஒரு நொடி முன்னால, தலையத் திருப்பி அந்தக் கிடார்க்காரனப் பாக்கா. ஒவ்வொரு தடவையும். மொதல்ல எனக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. இருவத்தாறு வருசம் என்னைய ஒருதடவ திரும்பிப் பாத்திருப்பாளா, இவன் மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருக்குன்னு. மூணு கச்சேரி அப்பிடித்தான் நெனச்சேன்.

நாலாவதுல கொஞ்சம் முன்னால உக்கார வேண்டியதாப் போச்சு. கூட்டம். அப்பத்தான் அவ முகத்தச் சரியாப் பாத்தேன். அவன் மூஞ்சிய அவ பாக்கல அண்ணாச்சி. அவன் கையப் பாக்கா. கம்பிமேல கைய வச்சு நிறுத்திருவானோன்னு பாக்கா.

அவன் நல்ல பையன், அவன் எதுக்கு நிறுத்தப் போறான். அவளுக்கும் அது தெரியும். தெரிஞ்சும் பாக்கா. பாட்டு நின்னுரல, நல்லாத்தான் போகுது, கைதட்டுதாங்க. பாடி முடிச்சா ஒரு பெருமூச்சு விடுதா, கடைசி வரிசை வரைக்கும் எனக்குத் தெரியுது. அந்தப் பயத்த அவளுக்கு நான் குடுத்திருக்கேன். வேற எவனும் குடுக்கல. எந்த அரசாங்கமும் குடுக்கல.

அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேன். மன்னிப்பெல்லாம் கிடையாது, அதுல நான் உறுதியா இருக்கேன். தகவல். தகவல் சொல்லப் போறேன். இன்னைக்குச் சாயந்தரம் மண்டபத்துல, அந்த மூணாவது பாட்டு வரும்லா, உச்சி எடம் வரதுக்கு முன்னால நான் நேரா மேடையில ஏறுவேன். மைக்க வாங்குவேன். சனங்களே, ஐப்பசி மாசம் இந்தப் பாட்டுல சுருதி வெலகுனது இந்த அம்மா இல்ல, நான்தான்னு சொல்லுவேன். கிடார அதுக்குத்தான் கொண்டு போறேன். அங்கனயே மாட்டி, அந்த எடத்த வாசிச்சுக் காட்டுவேன். மைக்குல நிறுத்துனவன் மைக்குலதான சொல்லணும்? ஆயிரம் பேரு முன்னால சொன்னத அடுப்பாங்கரையில வச்சுச் சொன்னா அது ஞாயமா? எப்பிடி என் ரோசனை?

என்னது?

திரும்பச் சொல்லுங்க, பஸ்ஸு சத்தம்.

நடுவுல ஏறுனா, அதுவும் நிறுத்துறதுதானன்னா சொல்லுதிய?

இல்ல, நான் எதுக்கு நிறுத்தப் போறேன், நான் நல்லது சொல்லத்தான... ஆமா. பாட்டு நிக்கத்தான் செய்யும். அவ பாடிக்கிட்டு இருக்கும்போது நான் மேடையில ஏறுனா அவ என்னன்னு நெனைப்பா. ஆமா. அந்தக் கையப் பாத்துப் பயந்துக்கிட்டு இருக்கவ முன்னால இந்தக் கையே வந்து நிக்கும்.

பத்து நாளா ரோசிக்கேன் அண்ணாச்சி. என்ன சட்டை போடணும்கிறது வரைக்கும் ரோசிச்சிட்டேன். இத ரோசிக்கல.

வீட்டுல சொல்லலாம்ங்கிய. சொல்லலாம்தான். உங்களுக்கு ஈசி. மைக் இல்லாம அவகிட்டப் பேசி எனக்குப் பழக்கம் இல்ல. நெசமாத்தான் சொல்லுதேன். அடுத்து உங்களுக்காக உங்கள் அபிமான உலகம்மாள்னு இருவத்தாறு வருசம் சொல்லியிருக்கேன், எல்லாம் ஊருக்குக் கேக்கச் சொன்னது. குரல் எப்பிடி இருக்கு பாத்தியளான்னு சனங்களத்தான் கேட்டிருக்கேன். அவகிட்ட, நீ நல்லாப் பாடுனன்னு நேரா நின்னு ஒருதடவ சொன்னதா ஞாபகம் இல்ல. வீட்டுல என்ன பேசுனோம்? கரண்டு பில்லு, கேஸு, அக்கா மவ. அதுக்கு மேல எனக்கு வார்த்தை வராது. வந்தாலும் கொரல் கூடிரும், சண்டை பிடிக்க மாதிரி இருக்கும்.

பாவூர்சத்திரம் வந்துட்டுன்னு நெனைக்கேன். உங்க எறக்கம். இருங்க, இருங்க, பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள போய்த்தான் நிக்கும். ஒரு நிமிசம். நீங்க யாரோ, நான் யாரோ. உங்ககிட்ட ஒருதடவ சொல்லிப் பாக்கேன். சரியா இருக்கான்னு மட்டும் கேளுங்க. அவ மண்டபத்துல சாப்புட்டுட்டு வெளிய வருவால்லா, வேன்ல ஏறதுக்கு முன்னால, அப்பச் சொல்லுற மாதிரி.

"உலகு. அன்னைக்கு உம் மேல தப்பில்ல. சுருதி வெலகுனது என் கம்பிதான்."

இல்ல. அது சரியில்ல. கம்பிமேல பழியப் போடுத மாதிரி இருக்கு.

"உலகு. அன்னைக்கு உம் மேல தப்பில்ல. எம் மேலதான்."

கேட்டுச்சா? கேக்கலியா? கொரலே எழும்ப மாட்டேங்கு அண்ணாச்சி, பாருங்களேன், எனக்கே கேக்கல. சரி, எறங்குங்க, கண்டக்டர் விசில் அடிச்சுட்டாரு. படி பாத்து எறங்குங்க. நான் தென்காசி வரைக்கும் சொல்லிக்கிட்டே போறேன்.